மோதிரம், சாட்சிகள், ஹுப்பா: யூத மரபுத் திருமணம் குறித்த வாசகர் கேள்விகள்

யூத மரபுப்படி நடக்கும் திருமணத்தை எப்படித் திட்டமிடுவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். யூதக் குடும்பங்களின் திருமண ஏற்பாடுகளில் பல ஆண்டுகள் உடனிருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: திருமண நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து தருவது என் தொழில். முதல் முறையாக ஒரு யூதக் குடும்பம் என்னிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது. மரபு வழுவாமல் நடக்க வேண்டும் என்கிறார்கள். எதை முதலில் முடிவு செய்வது?

பதில்: மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், திருமணத்தை நடத்தி வைக்கும் யூத சமய குருவான ரபியிடமும் மணமகளிடமும் தனித்தனியே கேட்டுத் தேதியை உறுதி செய்யுங்கள். ரபியைக் கேட்பது நாட்காட்டிக்காக. சப்பாத் என்னும் ஓய்வுநாளிலும், பெசாக், ஷவுஓத், சுக்கோத் ஆகிய பெருவிழாக்களிலும், அவற்றுள் பெசாக், சுக்கோத் விழாக்களின் இடைநாட்களிலும், ரோஷ் ஹஷனா என்னும் புத்தாண்டிலும், யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளிலும் திருமணம் கிடையாது. ஒரு மகிழ்ச்சியை இன்னொரு மகிழ்ச்சியோடு கலக்கக் கூடாது என்பது விழா நாட்களை விலக்குவதற்கு அறிஞர்கள் சொல்லும் காரணம். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய முழு மனம் வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது.

துக்க காலங்களையும் கணக்கில் எடுங்கள். பெசாக் விழாவின் இரண்டாம் நாளிலிருந்து ஷவுஓத் வரை எண்ணப்படும் 49 ஓமர் நாட்களில் ஒரு பகுதி, பண்டைய யூத அறிஞர் ரபி அகிவாவின் மாணவர்கள் பெருந்திரளாக மாண்டதை நினைவுகூரும் காலமாகும். மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் வேரூன்றிய அஷ்கெனாசி மரபினர் பலர் 33ஆம் நாளில் திருமணத்தை அனுமதிப்பார்கள். ஸ்பெயினில் வேரூன்றிய செபார்தி மரபினர் 34ஆம் நாள் வரை காத்திருப்பார்கள். கோடையில் தம்மூஸ் மாதம் 17ஆம் நாள் முதல் ஆவ் மாதம் 9ஆம் நாள் வரையிலான மூன்று வாரங்கள், எருசலேமின் மதில் உடைக்கப்பட்டதையும் ஆலயம் அழிந்ததையும் நினைத்து வருந்தும் காலம். அஷ்கெனாசிகள் அந்த மூன்று வாரங்களையும் முழுமையாக விலக்குவார்கள். செபார்திகளில் பலருக்கு ஆவ் மாதம் பிறந்த பிறகே தடை தொடங்குகிறது. ஆகவே குடும்பம் எந்த மரபைச் சேர்ந்தது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரு வீட்டாரும் வெவ்வேறு மரபினராக இருந்தால் எதைப் பின்பற்றுவது என்று ரபி முடிவு சொல்வார்.

மணமகளைக் கேட்பது வேறு காரணத்துக்காக. மரபைக் கடைப்பிடிக்கும் பெண், திருமணத்துக்கு முன் மிக்வே என்னும் புனித நீர்த்தொட்டியில் மூழ்கி எழ வேண்டும். மாதவிலக்கு நின்று ஏழு தூய நாட்களை எண்ணி முடித்த பிறகே அது இயலும். இதை அவளுடைய தாயோ ரபியின் மனைவியோ பேசி முடிவு செய்து, ‘இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்’ என்று மட்டும் உங்களிடம் சொன்னால், காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வதே நாகரிகம்.

கிழமை குறித்தும் ஒரு சொல். உலகப் படைப்பின் மூன்றாம் நாளில் ‘நல்லது என்று கண்டார்’ என்ற வாக்கியம் இரு முறை வருவதால் செவ்வாய்க்கிழமையைப் பலர் விரும்பிக் கேட்பார்கள். சனிக்கிழமை இரவு சமயச் சட்டப்படி தடையில்லாதது என்றாலும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓய்வுநாள் முடிந்து விண்மீன்கள் தெரியும் வரை குடும்பத்தார் எந்த ஏற்பாட்டிலும் கை வைக்க முடியாது. கோடையில் அதற்குள் வெகு நேரமாகிவிடும். இன்னொன்று: யூத நாள் சூரிய மறைவில் தொடங்குகிறது. மாலையில் தொடங்கி இரவில் முடியும் திருமணத்தில் ஒப்பந்தத்தில் எந்தத் தேதியை எழுதுவது என்பது சிறிய விஷயம் அன்று. அந்த ஊரில் சூரியன் மறையும் நேரத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு ரபியிடம் பேசுங்கள்.

கேள்வி: திருமண ஒப்பந்தமான கெத்துபாவை அழகிய ஓவிய வேலைப்பாட்டோடு எழுதச் சொல்லியிருக்கிறோம். மணமகனின் நெருங்கிய நண்பர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்திடுவார்கள். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நண்பர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர்கள் உறவினர்களும் ஆகிறார்களா என்று இன்றே கேளுங்கள். நான் உடனிருந்த ஒரு திருமணத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் கெத்துபாவை வைத்து, மையூற்றுப் பேனாவைத் திறந்து, இரண்டாம் சாட்சியிடம் நீட்டியாயிற்று. அவருடைய எபிரேயப் பெயரை எழுதுமாறு சொன்ன ரபி, வழக்கம்போல் ‘மணமக்களுக்கு உறவா?’ என்று கேட்டார். ‘உறவெல்லாம் இல்லை, மணமகனின் ஒன்றுவிட்ட சகோதரியை மணந்திருக்கிறேன், அவ்வளவுதான்’ என்றார் அவர். ரபி மெல்லப் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உறவுப் பெண்ணின் கணவரும் சட்டத்தின் பார்வையில் உறவினரே. மண்டபத்தில் தகுதியுள்ள வேறொருவரைத் தேடிப் பிடிப்பதற்குள், காலையிலிருந்து உண்ணாநோன்பில் இருந்த மணமகனின் முகம் வெளிறிவிட்டது. இந்தத் தவிப்பு யாருக்கும் வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மரபுவழி விதி இதுதான்: சாட்சிகள் இருவரும் வயது வந்த, ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூத ஆண்களாக இருக்க வேண்டும், மணமக்களுக்கோ ஒருவருக்கொருவரோ உறவாக இருக்கக் கூடாது. சீர்திருத்தப் பிரிவினரும் கன்சர்வேட்டிவ் பிரிவினரில் பலரும் பெண்களையும் சாட்சிகளாக ஏற்கிறார்கள். ஒப்பந்தத்துக்கு மட்டும் அல்லாமல் மோதிரம் அணிவிக்கும் கணத்துக்கும் சாட்சிகள் இன்றியமையாதவர்கள். அவர்கள் கண்ணால் காணாவிட்டால் திருமணமே நிகழவில்லை என்பது சட்டம். பூ அலங்காரத்துக்குப் பத்து முறை தொலைபேசியில் பேசும் குடும்பங்கள், இந்த இருவரைப் பற்றி ஒரு முறை கூடப் பேசாமல் விட்டுவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கெத்துபா அரமேய மொழியில் எழுதப்படுவது. எகிப்தின் எலிபன்டைன் தீவில் கிடைத்த, பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூதத் திருமண ஒப்பந்தங்களும் அரமேயத்திலேயே உள்ளன. பலர் நினைப்பது போல் இது காதல் கடிதமும் அன்று, பெண்ணுக்குக் கொடுக்கும் விலையும் அன்று. கணவன் தன் மனைவிக்கு ஏற்கும் கடமைகளின் பட்டியல். உணவும் உடையும் தருவதாகவும், மணவிலக்கோ கணவனின் மரணமோ நேர்ந்தால் குறிப்பிட்ட தொகை அவளைச் சேரும் என்றும் அது சொல்கிறது. முதல் திருமணப் பெண்ணுக்கு 200 சூஸ் என்னும் வெள்ளிக்காசுகள் என்பது, பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் காலத்து அளவு. மணமக்களின் பெயர்கள், அவர்களுடைய தந்தையரின் பெயர்கள், ஊர், நாள் ஆகியவை எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும் என்பதால், ஓவியர் வண்ணம் தீட்டத் தொடங்குமுன் வெறும் வாசகத்தை ரபியிடம் அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். ரபி ஒரு கைக்குட்டையை நீட்ட, மணமகன் அதைப் பற்றித் தூக்கிக் கடமையை ஏற்றதாகக் காட்டுவார். சில சமூகங்களில் ‘கையேற்றோம்’ என்ற பொருளுடைய சொல்லில் ஓர் எழுத்தின் காலை முன்பே எழுதாமல் விட்டு, அந்தக் கணத்தில்தான் இழுத்து முடிப்பார்கள். அந்தச் சிறு கோட்டுக்காக ஓவியரிடம் அதே மையை ஒரு சிறு புட்டியில் கேட்டு வாங்கி வையுங்கள்.

கெத்துபா மனைவியின் உடைமை. அது தொலைந்தால் தம்பதியர் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். ஆகவே திருமண இரவில் அதை யார் எடுத்துச் சென்று பத்திரப்படுத்துவது என்று முன்பே சொல்லி வையுங்கள். பெரும்பாலும் மணமகளின் தாய் அந்தப் பொறுப்பை ஏற்பார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மண வாழ்வு முறிந்த பிறகும் கணவன் கெட் என்னும் தள்ளுதற்சீட்டைத் தர மறுத்தால், அந்தப் பெண் மறுமணம் செய்ய இயலாமல் ‘அகுனா’, அதாவது கட்டுண்டவள், என்ற நிலையில் சிக்கிவிடுகிறாள். இதைத் தடுப்பதற்காகத் திருமணத்துக்கு முன்பே தனி உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திடுமாறு மரபுவழி ரபிகளில் பலர் இன்று வலியுறுத்துகிறார்கள். நல்ல நாளில் கெட்டதைப் பேசுவதா என்று தயங்காதீர்கள். கெத்துபாவே அந்தத் தயக்கத்தைத் தாண்டி எழுதப்பட்ட ஆவணம்தான்.

கேள்வி: என் மகள் முறைப்படி யூத சமயத்தில் சேர்ந்து, யூத இளைஞர் ஒருவரை மணக்கப் போகிறாள். நாங்கள் அந்தச் சமயத்தவர் அல்லர். பெற்ற எங்களுக்கு அந்த மேடையில் இடம் உண்டா, இல்லை விருந்தினர் வரிசையில்தான் உட்கார வேண்டுமா? கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு இடம் உண்டு. எது இயலாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரபுவழித் திருமணத்தில் நீங்களோ உங்கள் கணவரோ சாட்சிக் கையெழுத்திட முடியாது. ஆனால் யூதரான மணமகனின் தந்தையும் உறவினர் என்பதால் கையெழுத்திட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஹுப்பா என்னும் மண விதானத்தின் கீழ் ஓதப்படும் ஏழு ஆசிகளை யூதர்களே ஓதுவார்கள். கெத்துபாவில் உங்கள் மகளின் தந்தை பெயர் வரும் இடத்தில் ‘நம் தந்தை ஆபிரகாமின் மகள்’ என்று எழுதுவது வழக்கம். அதை வாசிக்கக் கேட்கும்போது உங்கள் கணவருக்கு நெஞ்சு வலிக்கலாம். அவரை நீக்கிவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. சமயத்தில் புதிதாகச் சேர்ந்த எல்லோரையும் குறிக்கும் முறை அது. இதை அன்று மண்டபத்தில் முதல் முறையாக அவர் கேட்கும்படி விடாமல், முன்கூட்டியே மகளை விட்டே சொல்லச் செய்யுங்கள்.

இனி, நீங்கள் செய்யக் கூடியவை. அஷ்கெனாசி வழக்கப்படி பெற்றோர் இருவரும் கைகளில் மெழுகுவத்தி ஏந்தி, மகளின் இரு பக்கமும் நடந்து, அவளை ஹுப்பா வரை அழைத்து வருவார்கள். பிற சமயப் பெற்றோர் இப்படி நடந்து வந்ததைப் பல முறை கண்டிருக்கிறேன்; உங்கள் ரபியின் கருத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தெனாயிம் என்னும் நிச்சய உடன்படிக்கை வாசிக்கப்பட்டால், அதன் முடிவில் இரு வீட்டுத் தாய்மாரும் சேர்ந்து ஒரு பீங்கான் தட்டை உடைப்பார்கள். உடைந்த தட்டு ஒட்டாது, அது போல் கொடுத்த வாக்கை எளிதில் முறிக்கலாகாது என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். தட்டைத் தடித்த துணியில் இறுக்கிச் சுற்றி, நீங்களும் மணமகனின் தாயும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நாற்காலியின் முதுகில் ஓங்கி அடியுங்கள். முதல் அடியில் உடையாவிட்டால் இருவரும் சிரித்துவிடுவீர்கள்; புதிய சம்பந்திகள் நெருங்குவதற்கு அதைவிட நல்ல கணத்தை நான் கண்டதில்லை.

ஏழு ஆசிகளை ஓத வயது வந்த பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பத்து என்ற எண்ணுக்கு, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்மூத் காட்டும் சான்றுகளில் ஒன்று, விவிலியத்தில் போவாஸ் என்பவர் தன் ஊர் மூப்பர்கள் பத்துப் பேரை உட்கார வைத்து ரூத்தை மணந்த நிகழ்ச்சி. ரூத் மோவாபியப் பெண். உங்கள் மகளைப் போலவே வேறு மக்களிடமிருந்து வந்து சேர்ந்தவள். தாவீது அரசனின் முப்பாட்டி. ஒவ்வொரு யூதத் திருமணத்திலும் பத்துப் பேரை எண்ணும்போது அவளுடைய திருமணமே நினைக்கப்படுகிறது.

நடைமுறையில் ஒன்று மட்டும். மகள் சமயம் மாறியதற்கு மூவர் அடங்கிய ரபிகள் மன்றம் வழங்கிய சான்றிதழைத் திருமணம் நடத்தும் ரபி ஏற்கிறாரா என்று இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா மன்றங்களின் சான்றையும் எல்லா ரபிகளும் ஏற்பதில்லை. மணமகன் கொஹென் எனப்படும் ஆசாரியர் வழியில் வந்தவரா என்பதையும் கேளுங்கள். மரபுச் சட்டப்படி கொஹென் குலத்தவர் சமயம் மாறி வந்த பெண்ணையோ மணவிலக்கான பெண்ணையோ மணக்க முடியாது. இந்த இரண்டையும் அழைப்பிதழ் அச்சிட்ட பிறகு கேட்பது பெரும் துயரத்தில் முடியும்.

கேள்வி: மணமகளின் தோழி நான். திருமண நாளன்று நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. எந்த இடத்தில் தவறு நேரும்?

பதில்: மணமக்களின் பசியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அஷ்கெனாசி மணமக்கள் அன்று விடியலிலிருந்து ஹுப்பா முடியும் வரை உண்ணாநோன்பு இருப்பார்கள். அவர்களுக்கு அது பாவமன்னிப்பு நாளுக்கு ஒப்பானது. செபார்திகளில் பெரும்பாலோருக்கு அந்த நோன்பு இல்லை. நோன்பு இருக்கும் நாளில் புகைப்படக்காரருக்காக இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைக்காதீர்கள்.

முதலில் மணமகனை ஆடிப்பாடி மணமகளிடம் அழைத்து வருவார்கள்; அவர் அவள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு முக்காட்டை இறக்குவார். ராகேலை எண்ணிக் காத்திருந்த யாக்கோபுக்கு லேயாளை மணமுடித்து வைத்த கதை அதன் பின்னணி. ஹுப்பா நான்கு கோல்களில் நிற்கும் விதானம். நான்கு பக்கமும் திறந்த ஆபிரகாமின் கூடாரத்தோடு அதை ஒப்பிடுவார்கள். திறந்த வானத்தின் கீழ் அமைப்பதே அஷ்கெனாசிகளின் விருப்பம். கோல்களை நண்பர்கள் கையில் பிடிப்பதானால், அரை மணி நேரம் கை தளராதவர்களாகப் பார்த்து நால்வரைத் தேர்ந்தெடுங்கள். காற்றடிக்கும் இடமானால் மாற்று ஆட்கள் இருவரையும் அருகில் நிறுத்துங்கள்.

மேசையில் இரண்டு கோப்பைகள் வேண்டும். முதல் கோப்பை மோதிரத்துக்கு முந்தைய ஆசிகளுக்கு. இரண்டாவது ஏழு ஆசிகளுக்கு. முற்காலத்தில் ஓர் ஆண்டு வரை இடைவெளி விட்டு நடந்த இரு சடங்குகள் இன்று ஒரே மேடையில் அடுத்தடுத்து நிகழ்வதால், அவற்றைப் பிரித்துக் காட்டவே நடுவில் கெத்துபாவை வாசிக்கிறார்கள். கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்ட, திராட்சை இரசப் புட்டியின் அடைப்பை முன்பே திறந்து வையுங்கள்; முக்காட்டுக்கு அடியில் கோப்பையை நீட்டும்போது சிந்தினாலும் கறை தெரியாத வெண்ணிற இரசம் நல்லது. மோதிரம் கல் பதிக்காத, வேலைப்பாடற்ற உலோக மோதிரமாக, மணமகனுக்கே சொந்தமானதாக இருக்க வேண்டும். பாட்டியின் மோதிரமானால் பாட்டி அதைப் பேரனுக்கு முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும், இரவல் செல்லாது. வலக்கைச் சுட்டுவிரலில் அணிவிப்பார் என்பதால் மணமகளின் கையுறையைக் கழற்றிவிடுங்கள்.

ஹுப்பா முடிந்ததும், அஷ்கெனாசி முறையில், மணமக்கள் தனியறையில் சில நிமிடங்கள் இருக்க வேண்டும். யிஹூத் எனப்படும் இதுவும் சட்டத்தின் ஒரு பகுதி. கதவைப் பூட்டியதும் சாட்சிகள் இருவர் வெளியே நிற்பார்கள். அந்த அறைக்கு வேறு கதவு இல்லை என்பதை நீங்களே முன்னதாகச் சென்று பாருங்கள். உள்ளே தண்ணீர், இரண்டு தட்டுகளில் உணவு, இரண்டு முட்கரண்டிகள், கை துடைக்கும் துணி ஆகியவற்றை வைத்துவிடுங்கள். பல வாரங்களாக நூறு பேருக்கு நடுவிலேயே பேசிக்கொண்டிருந்த இருவர் முதல் முறையாகத் தனியே அமர்ந்து ஒரு வாய் சாப்பிடும் நேரம் அது. யார் வந்து கதவைத் தட்டினாலும், புகைப்படக்காரரே ஆனாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மங்கல நேரத்தில் கண்ணாடியை உடைப்பது ஏன்?

பதில்: பொ.ஆ. 70இல் அழிந்த எருசலேம் ஆலயத்தின் நினைவாக என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ‘எருசலேமே, நான் உன்னை மறந்தால்’ என்ற, விவிலியத்தின் 137ஆம் சங்கீத வரிகளை மணமகன் அப்போது சொல்வதும் உண்டு. இதற்கு முன்னோடியாகத் தால்மூத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது: ரவினாவின் மகன் மார் என்ற அறிஞர், தன் மகனின் திருமணத்தில் அறிஞர்கள் அளவு மீறிக் களிப்பதைக் கண்டு, 400 சூஸ் மதிப்புள்ள கோப்பையைக் கொண்டு வந்து அவர்கள் முன் உடைத்தார், அவையும் அடங்கிற்று. இன்று நிலைமை நேர்மாறு. கண்ணாடி நொறுங்கிய ஒலி கேட்டதும் ‘மஸல் தோவ்’ என்று வாழ்த்தி எல்லோரும் முழங்குகிறார்கள். அந்த முழக்கத்துக்கு முன் ஒரு நொடி அமைதி நிலவினால் நல்லது என்பது என் கருத்து; சில ரபிகள் அதைக் கேட்டே பெறுகிறார்கள். மெல்லிய கண்ணாடியைத் துணிப்பைக்குள் வைத்து, கெட்டியான அடிப்பாகமுள்ள காலணியால் மிதிக்க வேண்டும்.

கேள்வி: யூத நண்பரின் திருமணத்துக்கு விருந்தினராகச் செல்கிறேன்; நாங்கள் யூதர் அல்லர். என்ன அணிவது, என்ன கொடுப்பது? மண்டபம் சிறியது என்பதால் என் பெற்றோரை அழைக்கவில்லை. திருமணம் முடிந்து ஒரு வாரம் விருந்து நடக்கும் என்கிறார்கள், அதற்கு அவர்கள் வரலாமா?

பதில்: தோளும் முழங்காலும் மறையும் அடக்கமான உடை போதும். ஆண்கள் தலையை மூட வேண்டும். அதற்கான கிப்பா வாசலிலேயே கிடைக்கும். பணமாகக் கொடுப்பதானால் 18இன் மடங்குகளில் கொடுங்கள். ‘ஹாய்’, அதாவது உயிருள்ளது, என்ற எபிரேயச் சொல்லின் எழுத்துகளுக்கு உரிய எண்மதிப்பு 18. உணவைப் பரிசாக எடுத்துச் செல்ல வேண்டாம். கோஷர் மேற்பார்வையாளரின் பொறுப்பில் உள்ள கூடத்துக்குள் வெளி உணவை அனுமதிக்க மாட்டார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனி வட்டங்களில் ஆடுவதைக் கண்டால் உங்களுக்குரிய வட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். ஆடத் தெரியாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. மணமக்களை மகிழ்விப்பது விருந்தினரின் கடமை.

உங்கள் பெற்றோரைப் பொறுத்தவரை, நண்பரிடம் தாராளமாகக் கேளுங்கள். அந்த ஏழு நாட்களும் உறவினரும் நண்பர்களும் முறை வைத்து மணமக்களுக்கு விருந்து வைப்பார்கள். பத்து ஆண்கள் கூடி, முந்தைய கொண்டாட்டத்துக்கு வராத யூதர் ஒருவராவது ‘புதிய முகமாக’ அங்கே இருந்தால்தான் ஏழு ஆசிகளும் முழுமையாக ஓதப்படும். ஆகவே மண்டபத்தில் இடமில்லாமல் விடுபட்டவர்களை அந்த வாரத்தில் விரும்பி அழைப்பார்கள். சட்டம் கேட்கும் புதிய முகமாக யூதர் அல்லாத உங்கள் பெற்றோர் கணக்கில் வர மாட்டார்கள் என்றாலும், விருந்தில் அவர்களுக்கு நாற்காலி இருக்கும். ஓய்வுநாளில் மட்டும் புது விருந்தினரைத் தேட வேண்டியதில்லை. சப்பாத்தே புதிய முகமாக வந்து அமர்வதாக அறிஞர்கள் கருதுகிறார்கள்.